நெஞ்சுக்குள் ஒரு சுருள், அம்மாவின் கொப்பி, மிஸியின் போன்

நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் இருக்கிற மாமாவுக்கு, இருதயப் பலவீனத்தைக் கவனிக்க, நெஞ்சுக்குள் அமுக்கம் அளக்கிற சென்சர் வைத்த கதை எங்கள் ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தம்பிக்கு வைச்சவங்கள் எண்டால் தமக்கைக்கும் வைக்கலாம்தானே? வெளிநாட்டுக் காசு வருகுது, நீ ஏன் யோசிக்கிறாய்?" றிமோட் திருத்தக் கொண்டு வந்தவர் றிமோட்டை மறந்துவிட்டு இருதயத்தைப் பற்றி அரை மணித்தியாலம் ஆலோசனை சொல்லிப் போகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லி வாய் உளைந்துவிட்டது. இனிக் கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிவின் லிங்கை அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

அம்மாவுக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. சில வருடங்களுக்கு முன் வந்த ஹார்ட் அற்றாக்கில் தப்பினார், ஆனால் இருதயத்தின் இடப்பக்கம் பலவீனப்பட்டுப்போனது. எக்கோ எடுத்த டொக்டர் துண்டில் 30 வீதம் என்று எழுதினார். நல்ல இருதயம் ஒவ்வொரு அடிக்கும் தனக்குள் நிரம்பிய இரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளும். அம்மாவுடையது முப்பதைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. மாமா அம்மாவுக்கு நேரே இளையவர். அவருக்கும் இதே வருத்தம்தான். தாத்தாவின் காணியைப் பிரிக்கத்தான் சண்டை வந்தது, இருதயத்தைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம் என்று பகிடி விடுவார்.

நான் றேடியோ, ரிவி திருத்துகிறவன். வைத்தியம் படித்தவனில்லை. ஆனால் மாமா தன்னுடைய சென்சரைப் பற்றி வட்ஸ்அப்பில் விளக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் விளங்கியது வைத்தியம் இல்லை, சேர்க்கிட்.

தொண்ணூறுகளில், யுத்தத்துக்குள், இங்கே யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்குப் பற்றரி இல்லாமல் றேடியோ கேட்டது மறந்திருக்காது. மின்சாரம் இல்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து பீபீசி தமிழோசை கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி கரகரத்து மங்கும். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அப்படிச் சுற்றிச் சுற்றித்தான். மாமாவின் சென்சருக்குள்ளும் பற்றரி கிடையாது. வெளியே வரும் வயரும் கிடையாது. ஒரு சுருள், ஒரு கப்பாசிற்றர், அவ்வளவுதான். ஸ்டேசன் பிடிக்கிற ட்யூனிங் சேர்க்கிட்டில் இருக்கிற அதே இரண்டு சாமான். நீளம் 15 மில்லிமீற்றர், அகலம் 3.5, தடிப்பு 2. இரண்டு முனையிலும் நைட்டினோல் என்ற கலப்புலோகக் கம்பி வளையம் ஒவ்வொன்று, நாடிக்குள் நகராமல் பிடித்துக்கொள்ள. தொடையிடுக்கு நாளத்தால் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, இருதயத்தின் வலப்பக்கத்தால் போய், சுவாசப்பை நாடியின் ஒரு கிளையில் இதை விட்டுவிட்டுக் குழாயை வெளியே எடுத்துவிடுவார்கள். நெஞ்சைக் கீறுவதில்லை. மாமாவுக்கு முழு மயக்கமும் கொடுக்கவில்லை.

கப்பாசிற்றர் என்பது எதிரெதிரே நிற்கிற இரண்டு தகடு. இதில் ஒரு தகடு வளைந்துகொடுக்கும். இரத்தத்தின் அமுக்கம் ஏறினால் அது உள்பக்கம் வளைந்து மற்றத் தகட்டைக் கிட்டும். தகடுகள் கிட்டினால் கொள்ளளவம், அதாவது மின்னைப் பிடித்துவைக்கிற அளவு, கூடும், கொள்ளளவம் கூடினால் ஒத்திசைகிற மீடிறன் (சேர்க்கிட் பிடிக்கிற அலைவரிசை) இறங்கும். அந்த மீடிறனை வெளியிலிருந்து அளந்துவிட்டால் உள்ளே அமுக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். கடையின் மேல்தட்டில் கிரிட் டிப் மீற்றர் என்று ஒரு பழைய கருவி தூசி பிடித்துக் கிடக்கிறது. அதன் சுருளை ஒரு ட்யூனிங் சேர்க்கிட்டுக்குக் கிட்டப் பிடித்து டயலைத் திருப்பிக்கொண்டு போனால், சேர்க்கிட் ஒத்திசைகிற இடத்தில் முள் சட்டென்று விழும். வயர் தொடுக்கத் தேவையில்லை. மாமாவின் கட்டிலில் கிடக்கிற தலகணிக்குள் இருக்கிற அன்ரெனா செய்கிற வேலையும் இதுதான். அவர் விடிய எழும்பி அதன்மேல் முதுகு பட மல்லாந்து படுக்கிறார், பொத்தானை அமத்துகிறார், இருபது செக்கன்கூட ஆகாது, அளவு எடுத்து இணையத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது. எனக்கு இதைக் கண்டுபிடித்தவர்கள்மேல் பொறாமையே வந்தது. அமெரிக்காவின் அத்லாந்தாவில் ஜோர்ஜியா ரெக் பேராசிரியர் மார்க் அலனும் இருதய வைத்தியர் ஜே யாதவும் 2001-ல் தொடங்கிய கார்டியோமெம்ஸ் என்ற கம்பனியின் வேலை இது. அங்கே மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. என்ற அரச அமைப்பின் அனுமதி 2014 மே மாதம் கிடைத்தது. இப்போது அபொட் கம்பனியின் கையில் இருக்கிறது.

சரி, இருதயத்தில்தானே வருத்தம், ஏன் சுவாசப்பை நாடியில் கொண்டுபோய் வைக்கிறார்கள்? சுவாசப்பையிலிருந்து வரும் இரத்தம் இருதயத்தின் இடப்பக்கத்துக்குத்தான் வரவேண்டும். இடப்பக்கம் வந்ததைத் தள்ளி முடிக்காவிட்டால் பின்னால் தேங்கும், அமுக்கம் பின்னோக்கிச் சுவாசப்பைக்குள் ஏறும். ஏறிக்கொண்டே போனால் நீர் கசிந்து மூச்சிளைப்பு வரும். அந்த நாடியின் அமுக்கத்தை, அதிலும் இருதயம் தளர்கிற நேரத்துக் கீழ் அளவைப் பார்த்தால், இடப்பக்கம் எவ்வளவு திணறுகிறது என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். மாமாவின் ஆட்கள் அந்தக் கீழ் அளவை 8-க்கும் 20-க்கும் (பிறசர் அளக்கிற அதே மில்லிமீற்றர் இரசக் கணக்கில்) இடையில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

இதில் எனக்கு உறைத்த விடயம் ஒன்று உண்டு. அமுக்கம் ஏறத் தொடங்கிப் பல நாள், சிலருக்கு இரண்டு மூன்று கிழமை கழித்துத்தான் இளைப்பு வருகிறது. நிறையும் அப்படித்தான், பிந்தித்தான் காட்டும், சிலரில் காட்டவே காட்டாது. உடம்பில் புதிதாக நீர் சேர்ந்துதான் அமுக்கம் ஏறவேண்டும் என்றில்லை. வயிற்று நாளங்களில் ஏற்கெனவே கிடந்த இரத்தம் நெஞ்சுப் பக்கம் நகர்ந்தாலும் ஏறும். தராசுக்கு அது தெரியாது. அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரி வோட்டில் மறித்த முறை அப்படித்தான் நடந்தது. முதல் நாள் காலையிலும் நிறை வழமைபோலத்தான். இரவு ஒரு மணிக்கு எழும்பிக் கட்டிலில் இருந்தார். இரண்டு மணிக்குச் சாய்மனைக் கதிரைக்குப் போனார். "படுத்தால் மூச்சு ஏறுதில்லை, இருந்தால் சுகமாக் கிடக்கு, நீ படு" என்றார். விடியும்போது இருந்தாலும் சுகமில்லை. ஓட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் முன் சீற்றின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னுக்குச் சரிந்தபடியே வந்தார். ஊசியில் லேசிக்ஸ் ஏற்றி, ஒட்சிசன் கொடுத்து, சலம் போகப் போக மூச்சும் இறங்கியது.

மாமாவுக்கும் ஒரு சம்பவம் உண்டு. சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். அங்கே ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் பிறந்தநாள். மட்டன் றோல்ஸ், கட்லட், இரவு கொத்து, அடுத்த நாள் மிஞ்சினதையும் வீணாக்கக்கூடாது என்று சாப்பாடு. நாலாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து இருதயத் தாதி போன் எடுத்திருக்கிறார். "மூன்று நாளா உங்கட அமுக்கம் ஏறுது. எப்பிடி இருக்கு?" "எனக்கு ஒண்டுமில்லை, நேற்றும் கடைக்கு நடந்து போய் வந்தனான்." "கால்?" "வீக்கமில்லை." "அப்ப என்ன சாப்பிட்டனீங்கள்?" அவ்வளவுதான், மாமா பிடிபட்டார். சலம் போகிற குளிசையை மூன்று நாளைக்கு இரட்டிப்பாக்கச் சொன்னார்கள், அடுத்த கிழமை இரத்தம் குத்தி சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்தார்கள், கோடு பழையபடி இறங்கிவிட்டது. இளைப்பு வரவேயில்லை. "அக்கா, எனக்கு இப்ப நெஞ்சுக்குள்ள ஒரு சிஐடி" என்று அம்மாவிடம் முறைப்பாடு வேறு.

கடைக்கு வருகிறவர்கள் இந்தக் கதையைக் கேட்டதும் சென்சரின் பெருமையைத்தான் கதைப்பார்கள். எனக்கோ அந்தத் தாதியின் பெருமைதான் பெரிதாகத் தெரிகிறது. வெறும் அபிப்பிராயமாக இதைச் சொல்லவில்லை, இந்தச் சென்சரைச் சோதித்த ஆய்வே அதைத்தான் காட்டுகிறது.

சம்பியன் என்று பெயர் வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வு அது. 2011-ல் லான்செற் சஞ்சிகையில் வந்தது. நடந்தால் இளைக்கிற, அதற்கு முந்தின ஒரு வருடத்துக்குள் இருதயப் பலவீனத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த 550 பேர். எல்லோருக்குமே சென்சர் வைத்தார்கள். எல்லோரும் தினமும் தலகணியில் படுத்து அளவு அனுப்பினார்கள். வித்தியாசம் ஒன்றே ஒன்று: ஒரு பாதிப் பேரின் அளவை வைத்தியர்கள் பார்த்தார்கள், மறுபாதிப் பேரின் அளவு வைத்தியர் கண்ணில் படாமல் பூட்டிக் கிடந்தது. ஆறு மாதத்தில், அளவு பார்க்கப்பட்ட பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவது 28 வீதம் குறைவு. அந்தப் பக்கத்து வைத்தியர்கள் குளிசை மாற்றிய தடவைகள் மற்றப் பக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நெஞ்சுக்குள் ஒரே சாமான், ஒரே தலகணி, ஒரே அலை. யாராவது பார்த்துக் குளிசையை மாற்றினால் வேலை செய்கிறது, பார்க்காவிட்டால் சும்மா கிடக்கிறது. பிறகு பூட்டைத் திறந்து மறுபாதியின் அளவுகளையும் வைத்தியர்கள் பார்க்கத் தொடங்கினார்கள். அதே ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது முன்னையைவிட 48 வீதம் இறங்கியது.

எஃப்.டி.ஏ. 2014 வரை இழுத்தடித்ததற்கும் இதனோடு சம்பந்தம் உண்டு. 2011 டிசம்பரில் கூடிய நிபுணர் குழு சம்மதிக்கவில்லை. கம்பனியின் தாதிமார் ஒரு பக்கத்து வைத்தியர்களுக்கு மட்டும் ஆலோசனை அனுப்பியிருக்கிறார்கள். பலன் சென்சராலா, அந்த ஆலோசனையாலா என்று கேட்டார்கள். ஆய்வு என்ற முறையில் நியாயமான கேள்வி. வீட்டில் வருத்தக்காரரை வைத்துப் பார்க்கிற எனக்கு அந்தக் கேள்வியே பதில்போலக் கிடக்கிறது.

சென்சர் இல்லாமல் வெறும் போனில் பார்த்தவர்களின் கதையும் இதே பக்கம்தான் போகிறது. அமெரிக்காவில் 1,653 பேரில் செய்த ஆய்வில் ஒரு பாதிப் பேரைத் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிக்கு எடுத்து நிறையையும் குணங்குறிகளையும் சொல்லச் சொன்னார்கள். 2010-ல் முடிவு வந்தது: ஒரு பலனும் இல்லை. பதிவுசெய்த குரலோடு யார்தான் எத்தனை நாள் கதைப்பார்கள்? அந்தப் பாதியில் ஏழு பேரில் ஒருவர் ஒருமுறைகூடக் கூப்பிடவேயில்லை. ஜேர்மனியில் பெர்லின் சரித்தே ஆஸ்பத்திரி நடத்திய இன்னொரு ஆய்வில் 1,500-க்கு மேற்பட்டவர்கள். உடம்புக்குள் ஒன்றும் வைக்கவில்லை. நிறை, பிறசர், ஈசிஜி, ஒட்சிசன் அளவு, இவைதான். ஆனால் மறுமுனையில் இரவு பகலாக வைத்தியர்களும் தாதிமாரும் இருந்தார்கள். 2018-ல் வந்த முடிவில் ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களும் குறைந்தன, இறப்பும் குறைந்தது. இதற்கு நேர்மாறாக, நெஞ்சுக்குள் வைத்த டிபிபிரிலேற்றர் (இருதயத் துடிப்பு குழம்பினால் மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி) நீர் தேங்குவதை உணர்ந்து வருத்தக்காரருக்கே பீப் அடிக்கிற மாதிரிச் செய்து பார்த்தார்கள், 335 பேரில். பீப் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் கூடுதலாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டார்கள். நடுச்சாமத்தில் நெஞ்சுக்குள் பீப் அடித்தால் ஓடத்தானே செய்வார்கள்.

இதற்காகச் சென்சர் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. 2023-ல் மாமாவின் நாட்டிலேயே 25 ஆஸ்பத்திரிகளில் 348 பேரில் செய்த ஆய்வில் ஆஸ்பத்திரிப் படுக்கை 44 வீதம் குறைந்தது, ஆட்களின் சீவியமும் சுகப்பட்டது. அதற்கு முன் 2021-ல் முடிவு வந்த, அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,000 பேரில் செய்ததில் மொத்தக் கணக்கில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. இடையில் கோவிட் வந்து எல்லோருடைய பழக்கங்களையும் குழப்பியது ஒரு காரணம் என்கிறார்கள். ஆயுள் கூடும் என்று, சம்பியனையும் சேர்த்து, இந்த மூன்று சென்சர் ஆய்வில் எதுவும் தனியாக நிறுவவுமில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையைக் குறைப்பது என்பதை ஒரு சின்ன விடயமாக எடுக்கவேண்டாம். ஒவ்வொருமுறை வோட்டுக்குப் போய் வரும்போதும் அம்மா முதல் இருந்த படிக்குத் திரும்பி ஏறுவதில்லை. முன்பு கிணற்றடி வரை நடந்தவர், பிறகு குசினி வரை, இப்போது குசினிக்குள்ளும் ஒரு ஸ்டூல்.

அம்மாவுக்கு ஏன் வைக்கவில்லை என்பதற்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவில் வந்த புதிதில் அந்தச் சாமானின் விலை 17,000 டொலருக்கு மேல். இன்றைய எங்கள் ரூபாயில் ஐம்பது இலட்சத்தைத் தாண்டும். வைத்துவிடும் செலவும் பயணமும் வேறு. மாமா, "நான் பாதி போடுறன்" என்று சொன்னார், அவர் சொன்னால் போடுவார். ஆனால் அந்தச் சுருளை அம்மாவின் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தால், காலையில் அவர் தலகணியில் படுத்து அனுப்புகிற அளவை யார் பார்ப்பது? அங்கே எல்லை தாண்டினவரின் பெயரைக் கணினி மேலே தூக்கிக் காட்ட, அதைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஒருவர் இருக்கிறார், அவருக்குக் குளிசை மாற்றும் அதிகாரமும் இருக்கிறது. இங்கே அம்மாவுக்குக் கிளினிக் மாதம் ஒருமுறை. விடிய வெள்ளெனப் போய் நம்பர் எடுத்து, கொப்பியை நீட்டினால், சனநெரிசலில் வைத்தியர் பாவம் எவ்வளவு நேரம்தான் ஒருவரைப் பார்க்கமுடியும்? இரண்டு கிளினிக்குக்கு இடையில் நடக்கிறதெல்லாம் வீட்டின் பாடு. பார்க்க ஆளில்லாத சென்சர் வைத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் மேலே எழுதினேன்.

அதனால் மாமாவிடம் இருக்கிற இரண்டில், சென்சரை விட்டுவிட்டு, அளவைப் பார்க்க ஒரு ஆள் என்ற மற்றதை மட்டும் இங்கே செய்து பார்ப்போம் என்று தொடங்கினோம்.

ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு மிஸி, அதாவது ஆஸ்பத்திரித் தாதி, இருக்கிறார். இளைப்பாறிப் பல வருடம், ஆனால் குரலில் வோட் இன்னும் இருக்கிறது. அம்மாவின் காலை ஒருநாள் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின்மேல், பெருவிரலால் அமத்திப் பத்து வரை எண்ணி எடுத்தார். குழி அப்படியே நின்றது. செருப்பு வார் கழற்றி ஒரு மணித்தியாலம் ஆகியும் பாதத்தில் அதன் தடம் பள்ளமாகவே கிடந்தது. "இதை ஆர் பாக்கிறது?" என்று என்னைக் கேட்டார். "கிளினிக்கில..." என்று இழுத்தேன். "கிளினிக் வாற மாசம். கால் இண்டைக்கு." அன்றிலிருந்து அவர்தான் பார்க்கிறார்.

விடிய எழும்பி, சலம் போய்விட்டு வந்து, தேத்தண்ணி குடிக்க முதல் அம்மா தராசில் ஏறுவார். தராசு சீமெந்து நிலத்தில் இருக்கவேண்டும். பாயின்மேலோ காப்பெற்றின்மேலோ வைத்தால் ஒருநாள் ஒன்று காட்டும், மறுநாள் ஒன்று காட்டும். அதன் பற்றரி இறங்கினாலும் பொய் சொல்லும். அது என் இலாகா. அளவை அம்மா தன் கையாலேயே கொப்பியில் எழுதவேண்டும் என்பது மிஸியின் கட்டளை. நான் எழுதினால் அது என் கணக்கு, அவர் எழுதினால் அவர் கணக்காம். நிறைக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல்: தலகணி. இரவு எத்தனை தலகணி வைத்துப் படுத்தார் என்பது. ஒன்றிலிருந்து இரண்டானால் மிஸி நிறையைக் கேட்கவே மாட்டார், நேரே வீட்டுக்கு வந்துவிடுவார். தராசுக்குத் தெரியாத விடயம் தலகணிக்குத் தெரியும் என்பது அவருக்கு எந்த ஆய்வையும் வாசிக்காமலே தெரிந்திருக்கிறது.

கொப்பியைக் கொண்டுபோய்க் கிளினிக்கில் காட்டியபோது இளம் டொக்டர் ஒருவர் ஆர்வமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் தன் கையால் எழுதித் தந்தார்: மூன்று நாளுக்குள் நிறை இரண்டு கிலோ ஏறினால், அல்லது இரவில் இளைப்பு வந்தால், ஃபுரோசமைட் (லேசிக்ஸ்தான்) இத்தனை கூட, இத்தனை நாளைக்கு மட்டும், அதற்குள் இறங்காவிட்டால் உடனே வாருங்கள், தலைச்சுற்று வந்தால், வயிற்றோட்டம், வாந்தி வந்தால் கூட்டவேண்டாம், வந்து காட்டுங்கள். அளவுகளை இங்கே வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். அது அம்மாவின் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்து அம்மாவுக்கு எழுதியது. வாசிக்கிற யாரும் தங்கள் வீட்டு ஆளுக்கு அதை ஊற்றிவிடக்கூடாது. உங்கள் கொப்பியைக் கொண்டுபோய் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் எழுதித் தருவார்கள்.

மற்றக் குளிசைகள் நாலு. இருதயத்தை நிதானமாக அடிக்கவைக்கிற பிசோப்ரோலோல், நாளங்களைத் தளர்த்துகிற ஒன்று, உப்பையும் நீரையும் சலத்தோடு போக்க உதவுகிற ஸ்பைரோனோலக்ரோன், பிறகு நீரிழிவுக்கென்று வந்து இருதயத்துக்கும் நல்லது என்று தெரியவந்த எம்பாக்ளிஃபுளோசின். அம்மாவுக்கு நீரிழிவு இல்லை. அதனால் பாமசிக்காரர் ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டுக் கேட்பார். 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் இந்த நாலில் ஒன்றாவது கிடைக்காத மாதங்கள் இருந்தன. மாமா அங்கிருந்து வருகிற ஆட்களின் பைகளில் கொடுத்து அனுப்பினார். கோடு போட்டுக் காட்டும் நாகரிகமெல்லாம் குளிசை கையில் இருந்தால்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை உப்போடு. யாழ்ப்பாணத்துக் குசினியில் உப்பைக் குறைக்கச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கும் தெரியும். கருவாட்டை நிறுத்தியது சுகம். மோர்மிளகாயும் அப்பளமும்தான் கஷ்டம், ஏனென்றால் அம்மா அவற்றைக் கறியாகவே கணக்கெடுப்பதில்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் வீட்டில் மச்சம் இல்லை. மரக்கறிக்குத் துணையாக இந்த இரண்டும் ஊறுகாயும் கோப்பைக்கு வந்துவிடும். போன வருடம் கொடியேறிச் சில நாளில் கொப்பியில் நிறை ஏறத் தொடங்கியது. மிஸி வந்தார், அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. குசினிக்குப் போய் அலுமாரியில் இருந்த மோர்மிளகாய்ப் போத்தலை எடுத்துத் தன்னுடைய சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். "திருவிழா முடியத் தாறன்" என்றார். டொக்டர் எழுதித் தந்தபடி குளிசையைக் கூட்டினோம். மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. அம்மா தேருக்குப் போய், வெயில் ஏறமுதல் வந்துவிட்டார். போத்தல் திரும்பி வரவில்லை.

மாமாவுக்குத் தாதி றோல்ஸைக் கண்டுபிடித்ததும், மிஸி மோர்மிளகாயைக் கண்டுபிடித்ததும் ஒரே வேலைதான் என்று நான் சொன்னால் மாமா ஒத்துக்கொள்வதில்லை. "எனக்கு ஏறமுதல் தெரியும். அக்காவுக்கு ஏறினாப் பிறகுதானே தெரியும்" என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. அந்த ஒன்றிரண்டு கிழமை இடைவெளியை எங்கள் தராசும் தலகணியும் தரப்போவதில்லை. வலது பக்கச் சுவாசப்பை நாடியில் வைக்கிற கோர்டெல்லா என்ற இன்னொரு சென்சருக்கும் 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. போட்டி வந்தால் விலை இறங்கும், சிடி பிளேயருக்கு நடந்ததை நான் கண்ணால் கண்டவன். இறங்கி இங்கே வந்து சேரும் நாளில் அதை வாங்கிப் பூட்டுவது பெரிய காரியமாக இராது. அளவு வரும்போது பார்க்கவும், போன் எடுக்கவும், குளிசையை மாற்றவும் ஒருவரை நாங்கள் வைத்திருப்போமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

ஏனென்றால் இதை முழுக்க இப்போது ஓட்டுகிறவர் மிஸி ஒருவர். அவருக்கும் முழங்கால் நோ. மழை நாட்களில் ஒழுங்கை வெள்ளத்துக்குள்ளால் அவர் வரக்கூடாது என்று அம்மாவே போன் எடுத்துச் சொல்கிறார். அவருடைய மகள் கொழும்புக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் ஒழுங்கையில் மட்டுமே இதே வருத்தத்தோடு இன்னும் இருவர் இருக்கிறார்கள், இருவரின் கொப்பியையும் மிஸிதான் பார்க்கிறார். ஒரு கிளினிக்குக்கு ஒரு தாதி, ஒரு போன், காலை எட்டிலிருந்து பத்து வரை நிறை ஏறினவர்கள் கூப்பிடலாம் என்று ஒரு ஒழுங்கு வைத்தால் அதற்கு ஒரு சென்சரின் விலையும் தேவைப்படாது. அந்தக் காசில் அந்தத் தாதிக்குச் சில வருடச் சம்பளமே கொடுக்கலாம். கொப்பியில் எழுதித் தந்த இளம் டொக்டரிடம் இதைச் சொன்னேன். "எழுதித் தாங்கோ, கூட்டத்தில வைச்சுக் கதைக்கிறன்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒழுங்கைக்குள் இருக்கிற மூன்று கொப்பிகளையும் போட்டோக்கொப்பி எடுத்து அதோடு இணைக்கப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி ஓடிக்கொண்டிருந்தால், பெயரை மறைத்துவிட்டு ஒரு பிரதி கடையில் கொண்டுவந்து தாருங்கள். றிமோட்டையும் கொண்டுவந்தால் பார்த்துத் தரலாம்.